இல்லை என்று எழுதுகிற வேலை

ஆய்விதழ்கள் வெளியிடும் ஒரு நிறுவனத்தில் பல வருடங்களாக அவருக்கு ஒரே வேலைதான். கட்டுரையை இலவசமாகக் கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்கு இல்லை என்று பதில் போடுவது. பதிலும் ஏற்கெனவே தயாராக இருந்தது. ‘மன்னிக்கவும்’ என்று தொடங்கி, சந்தா கட்டச் சொல்லி முடியும். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே அதுதான். “மன்னிக்கவும் அண்ணே, டீக்கு வரீங்களா?” என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்.

ஒரு நாள் எங்கோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டாக்டர் எழுதியிருந்தார். பூச்சிமருந்து குடித்த பெண் ஒருத்தி உயிருக்குப் போராடுகிறாள், அந்த விஷத்துக்கான மாற்றுமருந்து பற்றிய கட்டுரையில் முதல் பத்தி மட்டுமே திறக்கிறது, மீதியை அனுப்ப முடியுமா? இவர் வழக்கமான பதிலைத் தட்டிவிட்டார். மறுநாள் டாக்டரிடமிருந்து ஒரே வரி வந்தது: “இனி தேவைப்படாது.”

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி துருவிக் கேட்டதும் சொன்னார்.

“நீங்க என்னங்க பண்ணுவீங்க? கம்பெனி சட்டம் அது.”

“ஒரு பட்டனை அழுத்தியிருந்தா கட்டுரை போயிருக்கும். என் கையிலதான் இருந்துச்சு.”

அதன்பிறகு நோயாளி என்று யார் எழுதினாலும் கட்டுரையை அனுப்பினார். சில மாதங்களில் பிடிபட்டார். “கேஸ் போடாம விடறதே பெரிசு” என்றார் மேலாளர். வேலை போயிற்று. மனைவியின் தம்பி வைத்திருந்த டயர் கடையில் போய் உட்கார்ந்தார். மனைவி தன் தம்பியை நிமிர்ந்து பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஞாயிறுதோறும் பேராசிரியர்களின் வாசலில் நின்றார். “இதழுக்கு நீங்க எழுதிக் கொடுத்த பிரதியை உங்க பல்கலைக்கழகத் தளத்துல எல்லாரும் படிக்கிற மாதிரி நீங்களே போடலாம் சார். ஒப்பந்தத்துலயே இடமிருக்கு.”

“யாருப்பா படிக்கப் போறா?” என்று பலர் கைவிரித்தார்கள். ஒரு சிலர் போட்டார்கள்.

விஷக் கட்டுரையை எழுதியவரையும் தேடிப் பிடித்தார். ஓய்வுபெற்ற மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேனே.” கட்டுரையை உடனே பொதுவில் போட்டார்.

இவர் தான் யாரென்று மறைக்காமல் டாக்டருக்கு அதைத் தெரிவித்தார். பதில் வந்தது. “படித்தேன். அந்த மருந்து அன்று எங்கள் அலமாரியிலேயே இருந்தது. எவ்வளவு கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.”

மனைவியிடம் படித்துக் காட்டினார். அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.