வசந்தமலர் பூட்டி வைத்த அறை

லண்டன் மனோர் பார்க்கில் வசந்தமலரைத் தெரியாத தமிழர் குறைவு. கோயிலில் அன்னதானமா, யாருக்காவது பிள்ளை பிறந்திருக்கிறதா, முதலில் சட்டியோடு வந்து நிற்பவள் அவள்தான். இருபத்தெட்டு வருசமாக ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. கையும் தாராளம், வாயும் தாராளம். வயிறுதான் கொஞ்சம் எரியும். அதுவும் ஒரே ஒருத்தியை நினைத்து.

அந்த ஒருத்தி குமுதினி, கணவனுடைய தம்பியின் மனைவி. ஆறு வருசத்துக்கு முன் சுவிசிலிருந்து வந்தவள், அவ்வளவு பெரிய லண்டனில் வேறு இடமே கிடைக்காததுபோல் பக்கத்து வீட்டை வாங்கினாள். வந்த கையோடு, மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையை உடைத்து வாசலை அகலமாக்கினாள். பின்பக்கம் கூரை முழுக்கக் கண்ணாடியாக ஓர் அறை கட்டினாள். பார்க்க வந்த சனமெல்லாம் வாயைப் பிளந்தது. வசந்தமலர் மட்டும், "வெயிலுக்கு அவிஞ்சு போவீர்" என்று சொல்லிவிட்டு வந்து, தன் வீட்டுப் பழைய சுவரைப் பார்த்துப் பொருமினாள்.

போதாததற்கு, குமுதினி ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஏதாவது வாங்கி வருவாள். கோப்பைகள், மேசைவிரிப்பு, கம்பளிச் சால்வை. "ஐயோ, நல்ல வடிவாய்க் கிடக்கு" என்று சிரித்து வாங்கும் வசந்தமலர், பிரிக்காமலே தன் வீட்டுப் படிக்குக் கீழ் அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவாள். கேட்டால், ஊரில் தங்கச்சிக்கு அனுப்பியாச்சு என்பாள். அவள் தந்த கோப்பையில் தேநீர் குடித்தால் தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கைபேசி வீடே அதிர அலறியது. சுழல்காற்று எச்சரிக்கை. கண்ணாடியை விட்டு விலகி, கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைக்குள் போகச் சொன்னது. ஆண்கள் இருவரும் வேலையில். வசந்தமலர் சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் குமுதினி, எங்கே போவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கூப்பிட்டால் பெட்டிகளைக் கண்டுவிடுவாள். தெரியாததுபோல் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் வேலிப் பலகைகள் இரண்டு பிய்ந்து பறந்தன.

"குமுதினி! உதுக்கை நிக்காதேயும்! இஞ்சாலை ஓடி வாரும்!"

வேலியில் விழுந்த இடைவெளியால் புகுந்து ஓடி வந்தாள் குமுதினி. படிக்குக் கீழ் அறையைத் திறந்து, உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். அவள் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, கைபேசி வெளிச்சத்தைச் சுற்றிப் பிடித்தாள். ஆறு வருசப் பரிசுகளும் அங்கே அடுக்கியிருந்தன, அவள் கட்டிய ரிப்பன்கூட அவிழாமல். காற்று தன்னை மட்டும் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றிருந்தது வசந்தமலருக்கு.

காற்று வீட்டைப் பிடித்து உலுக்கியது. பக்கத்து வீட்டுப் பின்பக்கம் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. குமுதினி வசந்தமலரின் கையை இறுகப் பிடித்தாள். எல்லாம் அடங்கும்வரை விடவில்லை.

பிறகு குனிந்து பக்கத்துப் பெட்டியை எடுத்தாள். ரிப்பனை அவிழ்த்து, ஒரு கோப்பையை நீட்டினாள்.

"அக்கா, இதுக்கை எனக்கொரு தேத்தண்ணி ஊத்தித் தாங்கோ."

வசந்தமலர் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு, கோப்பையைக் கழுவினாள். ஒரு குறையும் சொல்லாத இவள் மனம் எனக்கு வாய்க்கவில்லையே என்றிருந்தது. கண்ணாடி அறையைப் பார்த்துக்கூட அவள் வயிறு இப்படி எரிந்ததில்லை.