வரப்பில் போகிறவர்

மலைமேல் அரியூர் நாட்டு நெல்வயல்களின் நடுவே நேராக ஓடும் வரப்பின் முனையில் நின்று படம் வரைகிறேன். தோளில் துணிமூட்டையோடு ஒருவர் அதில் நடந்து போகிறார். விரல் உயரம் இருந்தவர் நக உயரம் ஆகிவிட்டார். ஆனால், என் கண்மட்டத்தில் தாளின் குறுக்கே இழுத்த கோட்டை விட்டு அவர் தலை இறங்கவே இல்லை.

"நம்ம உயரத்து ஆள் எவ்வளவு தூரம் போனாலும் தலை அந்தக் கோட்டில்தான்டா இருக்கும், கால்தான் மேலேறும்." சேலத்து ஓவிய வகுப்பில் இதைச் சொல்லித் தந்தவன் பக்கத்து இருக்கை நண்பன். அவனை ரயிலேற்றிவிட்டு எட்டு வருடமாகிறது. பிறகு பார்க்கவில்லை.

மூட்டைக்காரரை வழியனுப்ப வந்த பெண் என் தாளை எட்டிப் பார்க்கிறார்.

"எங்கூட்டுக்காரருங்க. அணைக்கட்டு வேலைக்குப் போறாரு. மலையெறங்கி சேந்தமங்கலம் போனாத்தான் பஸ்ஸு. இனி அறுப்புக்குத்தான் வருவாரு."

"இதோ, இவர்தான்" என்று புள்ளி போன்ற உருவத்தைக் காட்டுகிறேன்.

"ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் கிட்டப் போடக்கூடாதுங்களா?"

அழிக்கிறேன். தலையை அதே கோட்டில் சற்றுப் பெரிதாக வைத்து, பாதங்களை வெகுவாகக் கீழே இறக்கி வரைகிறேன். எதிரே வரப்பு காலியாகிவிட்டது. அந்த அம்மாள் தாளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இப்பக் கூப்பிட்டாக் கேக்குமுங்க" என்கிறார்.