படம் வந்தது, சத்தம் வரவில்லை

விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பொருள், பெயர் டியூனர். ஒரு முனையை மடிக்கணினியில் செருக வேண்டும், மறுமுனையில் ஆண்டெனா கம்பியைத் திருக வேண்டும். கேபிள் வேண்டாம், மாடியில் தட்டு வேண்டாம், இண்டர்நெட் வேண்டாம். சென்னைக் கோபுரத்திலிருந்து காற்றில் வரும் புதுத் தலைமுறை டிஜிட்டல் ஒளிபரப்பை அதுவே பிடித்துத் திரையில் காட்டிவிடும் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. எழுதியிருப்பது உண்மையா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சின்ன கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு மாதாமாதம் சம்பளம். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்காது என்று செங்கல்பட்டில் என் பிறந்த வீட்டில் ஒருவர் விடாமல் சொல்வார்கள்.

அந்த டியூனரை ஆபீசில் என் தலையில் கட்டியதற்குக் காரணம் என் வீடு. கோபுரத்துக்குப் பக்கத்தில் துடைப்பக் குச்சியை நட்டாலும் படம் வரும். நாங்கள் இருக்கும் மாமல்லபுரம் வரைக்கும் வந்துசேரும் சிக்னல் அரை உயிரோடுதான் வரும், அதைப் பிடிக்கிறதா என்பதுதான் சோதனை. மொட்டைமாடியில் மீன்முள் மாதிரி இருக்கும் ஆண்டெனாவைக் குழாயில் கட்டி வடக்கே திருப்பி வைத்தேன். உப்புக்காற்றுக்கு இணைப்புகள் பச்சை பிடித்துவிடும் என்று டேப் சுற்றினேன். முதல் நாள் படம் வந்தது. ஒன்பது மணிக்குப் பக்கத்துப் பட்டறையில் வேலை ஆரம்பித்ததும் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் கட்டம் கட்டமாக உதிர்ந்து போனது.

பக்கத்துப் பட்டறை என்று சொல்வது சும்மா. அது எங்கள் பட்டறைதான். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்தும் சிற்பப் பட்டறை, எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கிறது. தெரு முழுக்கவே பட்டறைகள். கல் அறுக்க, வழிக்க, மெருகேற்ற எல்லாவற்றுக்கும் இப்போது கிரைண்டர்தான். அந்த மோட்டார்களுக்குள் பொறி பறக்கும்போதெல்லாம் காற்றிலும் கரண்ட் கம்பியிலும் இரைச்சல் கலக்கிறது, பலவீனமான சிக்னல் அதற்குத் தாங்காது. ஆபீசில் இதைச் சொன்னபோது வேறு இடம் பார்க்கிறாயா என்றார்கள். வேண்டாம், பகல் முழுக்கச் சோதிக்க அமாவாசை வரட்டும் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. அமாவாசையன்று இங்கே சிற்பி உளியைத் தொடமாட்டான். எங்கள் தெருவில் அன்றைக்குத்தான் அலையின் சத்தம் வீட்டுக்குள் கேட்கும்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டறையில் செதுக்குவதில் தம்பி கை பெரிய கை. இவருடைய வேலை கல் பார்ப்பது. லாரியில் வந்து இறங்கும் கல்லைச் சுத்தியலால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே பழுதில்லாத கல் வெண்கலம் மாதிரி ஒலிக்கும், விரிசல் இருந்தால் பொத்தென்று அடங்கிப் போகும் என்பார்கள். அவர் தலையாட்டினால்தான் அந்தக் கல்லில் கோடு போடுவார்கள். அந்த மாதம் திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு கிராமத்துக் கோயிலுக்கு அம்மன் சிலை ஒப்புக்கொண்டிருந்தார்கள். கல் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. அம்மனுக்குக் கண் திறந்த பிறகு எங்காவது ஒரு கீறல் வெளியே தெரிந்தால் அந்தச் சிலை கோயிலுக்குள் போகாது, செய்த பட்டறையின் பெயரும் அதோடு போய்விடும்.

அமாவாசைக் காலையில் அவர் கடற்கரைக்குப் போய்த் தர்ப்பணம் முடித்துவிட்டு வந்தார். நான் ஆபீசுக்கு லீவு போடாமல் வீட்டிலேயே ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தேன். படம் அவ்வளவு சுத்தமாக வந்தது. ஆனால் சத்தம் இல்லை. இந்தப் புது ஒளிபரப்பில் படம் ஒரு முறையிலும் சத்தம் வேறொரு முறையிலும் சுருட்டி அனுப்பப்படுகிறது, சத்தத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் தனியாக வர வேண்டும். ஆபீசில் அனுப்பியிருந்தார்கள், போட்டிருந்தேன், ஆனாலும் வாய் மட்டும் அசைந்தது. சரி, சத்தத்தைப் பிறகு பார்ப்போம், ஆண்டெனாவை எவ்வளவு திருப்பினால் படம் உடைகிறது என்று முதலில் பார்த்துவிடலாம் என்று அவரை மடிக்கணினிக்கு முன் உட்காரவைத்தேன். படம் உடைந்தால் குரல் கொடுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.

மாடியிலிருந்து கொஞ்சம் திருப்பி, வருதா என்றேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பிக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து என்ன என்று கேட்டாள். கீழே இருந்த மனிதர் வாய் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து, நாலு வார்த்தை தயார்செய்துகொண்டு படியிறங்கினேன். அவர் தூங்கவே இல்லை, சிரித்த முகத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டது கேட்கவில்லையா என்றேன்.

"டிவி சத்தத்துல கேக்கல. சூப்பரா கீது. சத்தம்கூட நல்லா தெளிவா வருது."

எனக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. சத்தம் வந்ததா? நான் பார்க்கும்போது திரும்பவும் ஊமையாகத்தான் இருந்தது. எங்கள் தொழிலில் வராத ஒன்றைக்கூடச் சமாளிக்கலாம், வந்துவந்து போவதுதான் உயிரை எடுக்கும். அவரைக் குடைந்தெடுத்தேன். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் வந்தது, என்ன சொன்னார்கள். மழை வருமாம், கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்களாம் என்றார். திரையில் வானிலைப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே நம்பினேன்.

சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். மென்பொருள் எழுதிய பையன் போனில் வந்து, உங்கள் கணினி அனுப்பிய பதிவில் சத்தம் ஒரு தடவைகூடத் திறக்கவே இல்லை மேடம், வந்திருக்க வாய்ப்பே இல்லை என்றான். எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. உன் பதிவு தப்பாக இருக்கலாம், என் வீட்டுக்காரர் காது தப்பாகாது, அந்தக் காதை நம்பித்தான் கோயில்களுக்குக் கல் வாங்குகிறார்கள் என்று சண்டை பிடித்தேன். அவன் மரியாதையாகச் சரி மேடம் என்று வைத்துவிட்டான். அந்த மரியாதை எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் கொடுத்தது.

அவனுக்கு நிரூபித்துக் காட்டத்தான் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் காலையில் இருந்தபடியே வைத்தேன். அதே மேசை, அதே நாற்காலி, அதே ஆள். ஸ்பீக்கர் முழு அளவில். அவருக்குப் பின்னால் நின்று நானும் திரையைப் பார்த்தேன். விவசாய நிகழ்ச்சி ஓடியது, யாரோ நாற்றைக் காட்டி வாயசைத்தார்கள். வீட்டில் கடல் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்ப வருதா என்று பின்னாலிருந்து கேட்டேன். அவர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டேன். ஏங்க, அடுப்புல பால் பொங்குது என்றேன். அப்புறம் என்ன தோன்றியதோ, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இல்லை. திரையில் இருந்தவர் சிரித்தார், இவரும் சிரித்தார்.

சுற்றிவந்து அவருக்கு முன்னால் நின்று, சத்தம் வருதா என்றேன். என் வாயைப் பார்த்துவிட்டு, "வருது, வருது" என்றார்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் என்று எழுத ஆசைதான். வந்தது ஆத்திரம். மடிக்கணினியை அறைந்து மூடினேன். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, எவ்வளவு நாளாக என்று கேட்டேன். எதைக் கேட்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கிரைண்டர் வந்த பிறகு காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம். முதலில் சாயங்காலம் அடங்கிவிடும், பிறகு அடங்குவது நின்றது. எதிரே நின்று பேசினால் பாதி கேட்கும், மீதியை வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தால் சிரித்துவிடுவார். எது கேட்டாலும் நல்லா கீது என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று கற்றுக்கொண்டிருக்கிறார்.

"கல்லு?" என்றேன்.

"அந்தச் சத்தம்தான் மொதல்ல போச்சு."

தண்ணீர் ஊற்றி ஈரம் எங்கே நின்று காய்கிறது என்று பார்க்கிறாராம். தட்டும்போது இன்னொரு கையைக் கல்லின்மேல் வைத்து அதிர்வைப் பார்க்கிறாராம். இதுவரை தப்பவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. தம்பியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் பட்டறையில் நான் எதற்கு, கல்லாவில் உட்காருவதற்கா என்றார். அம்மனுக்குக் கண் திறக்கும் அன்று விரிசல் விட்டால் உட்காரக் கல்லாவும் இருக்காது என்றேன். நான் கத்திப் பேசினேனா, வாயை அகலத் திறந்து பேசினேனா என்று நினைவில்லை. எல்லாம் அவருக்குப் புரிந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்றும் சொன்னேன். அதற்கு அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் கிரைண்டர்கள் திரும்ப ஓட ஆரம்பித்தன, என் படமும் திரும்ப உதிர ஆரம்பித்தது. நான் அறிக்கையைத் திருத்தினேன். சத்தம் ஒருபோதும் வரவில்லை, பார்வையாளர் படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லியிருக்கிறார் என்று எழுதினேன். அந்தப் பையனிடம் மன்னிப்பும் கேட்டேன். இரண்டே நாளில் புது மென்பொருள் அனுப்பினான், இரவு கிரைண்டர்கள் நின்றதும் செய்தி வாசிப்பவளின் குரல் கணீரென்று வந்தது. என் வீட்டுக்காரர் கூடத்தில்தான் இருந்தார், கூப்பிட்டுக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரமே செங்கல்பட்டுக்கு அவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மெஷின் வைத்தால் பேச்சு நன்றாகக் கேட்கும், மெல்லிய சத்தங்கள் பழையபடி வரும் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். திரும்பி வருகையில் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னோடு பேச விருப்பமில்லாதபோது இவர் இப்படித்தான் திரும்பிக்கொள்வார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். வாயைப் பார்க்காவிட்டால் என் பேச்சே அவரிடம் போய்ச்சேராது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அழுகை வந்தது, அழுதேன், பக்கத்து சீட்டில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

கல் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பார்த்து எடுத்துக்கொள்ள இரண்டு கற்கள் லாரியில் வந்திருந்தன, கோயில்காரர்களும் வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். பட்டறை ஆட்கள் கிரைண்டர்களை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள், அவர் கல் பார்க்கும்போது எப்போதும் அப்படித்தான். தம்பி கற்பூரம் ஏற்றிவிட்டுச் சுத்தியலை அண்ணனிடம் நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். முதல் கல்லின்மேல் இடது கையை வைத்தார். நான் வாசலில் நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவெல்லாம் இல்லை. கல்லையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுத்தியலைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீ தட்டு. எனக்குக் காது கேக்கறது இல்ல."

கோயில்காரர்கள் எதிரிலேயே சொன்னார். தம்பி ஏன் என்று கேட்கவில்லை, திகைக்கவும் இல்லை. சுத்தியலை வாங்கி முதல் கல்லைத் தட்டினான், வேண்டாம் என்று கை காட்டினான். இரண்டாவதைத் தட்டினான். எனக்குக்கூடக் கேட்டது, நீளமாக ஒலித்து அடங்கியது. கோயில் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். காரியம் முடிந்துவிட்டது.

அவர்கள் வேன் ஏறிய பிறகு தம்பி தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். போய்க் கேட்டேன், உனக்கு முன்னமே தெரியுமா என்று.

"தெரியும் அண்ணி. இங்க எல்லாருக்கும் தெரியும். அண்ணன் பாத்து வெச்ச கல்ல, அவரு சாப்பிட வூட்டுக்குப் போன அப்பால நாங்க திரும்பத் தட்டிப் பாத்துகினுதான் இருந்தோம். ரெண்டு தபா கல்ல மாத்திகூட வெச்சிருக்கோம்."

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் எனக்கே நன்றாக இல்லை. அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சோம். கூடவே இருக்கறவங்க ஆச்சே" என்றான். அவன் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான்.

அப்போதுதான் பார்த்தேன், முற்றத்தின் அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் கண் தம்பியின் வாயிலேயே இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் முழுவதையும் வாங்கிக்கொண்டார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கற்களைச் சுற்றிக்கொண்டு மெதுவாகக் கிட்டே வந்தார்.

"எந்தக் கல்லுடா மாத்துன?"

தம்பி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணனின் முகத்துக்கு நேரே திரும்பி நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தான்.