கம்பளி இல்லாத செம்மறிகள்

என் கணவர் கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு வந்து, "செம்மறி வளக்கப் போறேன் புள்ள" என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தகப் படங்களில் வரும் வெள்ளைக் கம்பளி உருண்டைகள்தான் மனதில் ஓடின. இந்தக் குளிருக்கு வீட்டிலேயே ஸ்வெட்டர் பின்னிக்கொள்ளலாம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து சின்ன லொறியில் வந்து இறங்கியவை நாலு பெட்டையும் ஒரு கிடாவும். செம்பழுப்பு நிறம். மாட்டுக்கு இருப்பதுபோல ஒட்டிய குட்டை முடி.

"என்னங்க, இது வெள்ளாடு இல்லையா?"

"வாலப் பாரு. வெள்ளாட்டுக்கு மேல தூக்கி நிக்கும். இதுக்குத் தொங்குது."

"கம்பளி எங்க?"

"இது கறிக்கு புள்ள. முடி வெட்டுற வேலையே இல்ல."

இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் லீக்ஸ் பாத்திக்குப் பின்னால், தரை ஈரம் படாமல் பலகை இடைவெளி விட்டு அடித்துப் பட்டி கட்டியபோது ஆணி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

முதல் ஈற்றிலேயே ஒரு பெட்டை இரட்டைக் குட்டி போட்டது. அடைமழை. கிடாக்குட்டியைத் தாய் கிட்டவே சேர்க்கவில்லை. அதை என் பழைய கம்பளித் துண்டில் துடைத்து, அடுப்படியில் வைத்து, போத்தலில் பால் புகட்டினேன்.

"ரொம்பக் கொஞ்சாத. விக்கிறதுக்குத்தான்" என்றார்.

"தெரியும்" என்றேன். ஆனால் அதற்குத் தெரியவில்லை. ஒருநாள் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டுக்கு என் பின்னாலேயே வந்து, பெண்கள் வரிசையில் நின்றுகொண்டது. வேலை பிரிக்கும் கண்டாக்கு ஐயா நிமிர்ந்து பார்த்து, "இதுக்குக் கொழுந்து பறிக்க எந்த மலை குடுக்கட்டும்?" என்று கேட்டார். அன்று கொழுந்து பறிக்கும்போதெல்லாம் சிரிப்புத்தான்.

அது நன்றாகக் கொழுத்து வளர்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்னால் நோர்வூட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் குர்பானிக்கு ஆடு பார்க்க வந்தார். பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், நடக்கவிட்டும் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்ல தங்கச்சி. புள்ள மாதிரி வளத்திருக்கீங்க" என்றார்.

அந்த வார்த்தை போதும். அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஹாஜியாரின் லொறி அதை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அன்று தேவைக்கு இரண்டு மடங்கு புல் அறுத்திருந்தேன்.

பெருநாளன்று பகல் ஹாஜியாரே ஓட்டோவில் வந்து ஒரு இறைச்சிப் பொதியை நீட்டினார். "உங்க வீட்டுப் பங்கு."

கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆக்கித் தாறேன். நான் திங்க மாட்டேன்" என்றேன்.

மிளகும் பூண்டும் இடித்துப் போட்டு வேகவைத்தேன். வாசம் லயம் முழுக்கப் போனது. உப்புப் பார்க்க ஒரு துண்டு எடுத்தேன். வாயில் வைத்ததும் கரைந்தது. சரியாகத் தெரியவில்லை என்று இன்னொன்று. பிறகு எலும்போடு ஒன்று.

வாசலில் நின்ற கணவர், "இன்னும் உப்புப் பாத்து முடியலையா?" என்றார்.

கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அப்புறம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எனக்குத்தான் முதலில் குழம்பு ஊற்றினார்.