பெண் பார்க்க வந்த அன்று பறந்த தேனீக்கள்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பேருந்தில், எஞ்சின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு மெல்லிய ரீங்காரம் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தது. தாத்தாவின் கால்களுக்கு நடுவே, ஈரச் சாக்கு சுற்றிய மரப்பெட்டிக்குள் ஒரு கூட்டம் தேனீக்கள் இருந்தன. மலையில் அவருக்குப் பழக்கமான ஒருவர் ஆசையாகக் கொடுத்தது. பெட்டியில் என்ன என்று கேட்ட நடத்துநரிடம், "கொழந்திங்கப்பா, தூங்கினு இருக்குதுங்க" என்றார்.

மணலூர்பேட்டையில் எங்கள் பெரிய குடும்பத்துக்குத் தாத்தா வைத்ததுதான் சட்டம். ஆனால் அவருடைய பொழுதுபோக்குகளைப் பற்றி மட்டும் யார் வேண்டுமானாலும் வாய் திறக்கலாம். மாடியில் புறாக்கள், கொல்லையில் ஒட்டுக்கட்டிய ரோஜாக்கள், கட்டிலுக்கு அடியில் பிரித்துப்போட்ட ரேடியோக்கள், சாயங்காலமானால் மவுத்தார்கன். எந்த ரேடியோவை மூடினாலும் ஒரு திருகாணி மிஞ்சும். பாட்டு மட்டும் எப்படியோ வந்துவிடும்.

தேன்பெட்டி வந்த அதே வாரம், அவருடைய கடைசி மகள் செல்வி அத்தையைப் பெண் பார்க்கத் திருநாவலூரிலிருந்து வருவதாக இருந்தது. முன்பு வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போயிருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் உள்ளூரப் பயம். ரேடியோக்களைக் கோணியில் கட்டிப் பரண்மேல் ஏற்றிய என் அப்பா, அன்று ஒருநாள் எதையும் தொடாமல் சும்மா இருக்கும்படி தாத்தாவிடம் கெஞ்சினார். அவரும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

விருந்தாளிகள் கேசரியைக் கையில் எடுத்த நேரத்தில், புது இடம் பிடிக்காத தேனீக்கள் மொத்தமாகக் கிளம்பி, வாசலில் நின்ற மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளில், ஹேண்டில்பாரைச் சுற்றிக் கரும் பலாப்பழம்போலத் திரண்டு தொங்கின. பார்க்கப் போன மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காதில் ஒரு கொட்டு. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வூட்டுக்குப் போய்த் தகவல் சொல்றோங்க" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

தாத்தா தேங்காய் நாரைப் பற்றவைத்துப் புகை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். பெட்டியைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. யாரும் கிட்டே வராததால் மாப்பிள்ளையே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து பிடித்தார். ஒரு தேனீ அவர் கன்னத்தில் ஏறியது. பெட்டி அவர் கையில் ஆடுவதைச் சன்னல் வழியாகப் பார்த்த செல்வி அத்தை, யாரும் கூப்பிடாமலே, பட்டுப்புடவையோடு இறங்கி வந்து பெட்டியின் மறுபக்கத்தைத் தாங்கிக்கொண்டாள்.

"ஆடாம நில்லுங்க. ராணி உள்ள பூந்துச்சுன்னா மத்ததெல்லாம் தானா பின்னால போய்டும்."

அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். தாத்தா வெறுங்கையால் மெல்ல மெல்லத் தேனீக்களைப் பெட்டிக்குள் தள்ளினார். கடைசித் தேனீ நுழையும்வரை இருவரும் அசையவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா மறுபடி கிளம்பச் சொன்னார். "வூட்டுக்குப் போய்ச் சொல்ல இன்னாப்பா இருக்குது, இங்கியே சொல்லிட்லாம்" என்றார் மாப்பிள்ளை, அத்தையைப் பார்த்தபடியே. அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். தாத்தா என் அப்பாவிடம் திரும்பி, "நா சும்மாதான்டா குந்தினு இருந்தேன்" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தேனீக்கள் அதற்கு முன்பே போய்விட்டன. மலைக்கே திரும்பியிருக்கும் என்று சொல்லித் தாத்தா தன்னைத் தேற்றிக்கொண்டார். பெட்டி காலியானதும் அவருக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. அதில் அவருக்குக் கிடைத்த கூட்டாளி, காதில் கொட்டு வாங்கிய அதே சம்பந்திதான். பஸ் பிடித்து மணலூர்பேட்டைக்கு வந்துவிடுவார். பெண்ணையாற்றங்கரையில் ஒரு வேலமரத்தடியில், மீன் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், இருவரும் இருட்டும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இருவரும் இப்போது இல்லை. போன மழைக்குப் பிறகு அந்தக் கரை வழியாகக் காரில் வந்தபோது, அன்றைய மாப்பிள்ளையான மாமா தானாகவே வண்டியை ஓரங்கட்டினார். வேலமரத்தை எப்போதோ வெட்டிவிட்டிருந்தார்கள். அத்தை மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போய், மரம் இருந்த இடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.