பட்டாளம் கழித்த கொக்கிகள்

நேற்று விஷ்ராந்த்வாடியில் ஒருத்தன் தண்ணீர் பாட்டிலைக் காரபினரில் மாட்டிக்கொண்டு போனான். பச்சை கலர், அலுமினியம், ஊதினால் பறக்கும். காரபினர் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஸ்பிரிங் கதவு வைத்த வளையக் கொக்கி. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் எஃகு. இடுப்பில் நாலு மாட்டினால் பேன்ட் இறங்கிவிடும்.

அப்போது காலேஜ் இரண்டாம் வருடம். வீடு பட்டாள ஊரான கட்கியில், அப்பாவுக்கு அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. மலையேறும் குழுவில் சேர எனக்கு ஏகப்பட்ட ஆசை, தகுதி பூஜ்யம். குழுவுக்குத் தலைவி சாங்வியிலிருந்து வரும் செல்வி அக்கா. "நாலு காரபினர் கொண்டு வாடா, கயித்துல இடம் தரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்தேன். கிரீஸும் துருவும் கலந்த அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. பட்டாளத்துச் சரக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை சிவப்பு பெயின்ட். கட்கியில் வளர்ந்தவனுக்கு அது புரியாதா? பட்டாள ஸ்டோரில் தேறாது என்று கழித்த பொருளுக்குச் சிவப்பு அடிப்பார்கள். ரிடையர் ஆனவரைக்கூட எங்கள் காலனியில் "அவருக்கு செவப்பு அடிச்சாச்சு" என்றுதான் கிண்டலடிப்பார்கள். தெரிந்தேதான் எமரித் தாளால் தேய்த்து எடுத்தேன்.

மலைக்குப் போகும் எஸ்.டி. பஸ்ஸில் என் வாய் சும்மா இருக்கவில்லை. குதிரைப்படைக்காரன் கார்பைன் துப்பாக்கியைத் தோள்வாரில் மாட்டிய கொக்கிதான் இதன் பாட்டன், பேரே அங்கிருந்து வந்தது, பிறகு மலைச்சண்டைக்காகப் பட்டாளங்கள் செய்து குவித்தன, மிச்சம்தான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்தது என்று ஒரே அளப்பு.

செல்வி அக்காதான் முதலில் ஏறுகிறவள். அவள் விழுந்தால் கொக்கி தாங்க வேண்டும். பாறையில் அடித்த ஆணியில் என் கொக்கியை மாட்டப் போனவள் திரும்பினாள்.

"அரே, இவ்ளோ கதை வுட்டியே, நல்ல மாலுன்னா பட்டாளத்துக்காரன் ஏண்டா வித்தான்?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்கா, அதுல செவப்பு இருந்துச்சு. நான்தான் தேச்சு எடுத்தேன்."

சிரிப்பு நின்றது.

"கட்கிக்காரன்தானே நீ?" என்று மட்டும் கேட்டாள். நாலையும் என் கையில் வைத்தாள். இருந்த மிச்சக் கொக்கிகளோடு அவர்கள் ஏறினார்கள். நான் பைகளுக்குக் காவல்.

அடுத்த மலைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு குழுவும் கலைந்தது. பஜாரில் அந்த வரிசையில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். கடையில் புதிதாக வாங்கும் கொக்கியில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறித்தே வருகிறது. யாரும் யாரையும் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை.