அடுத்த டீக்கடையில் சொல்லிவிட்டு

ஜெர்மனியில் கார் ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் முதலில் ஒரு ரப்பர் மனிதனைப் பிழைக்க வைக்க வேண்டும். சனிக்கிழமை முழுவதும் முதலுதவி வகுப்பு. சாலையில் விழுந்து கிடப்பவரைப் பார்த்தும் நிற்காமல் போவது இங்கே குற்றம். பயிற்சி தந்த பெண்மணி என்னிடம் கேட்டார்: "ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்?"

"நான் இடிக்கவில்லை என்று நாலு பேரிடம் சொல்வேன்."

எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து, அதையே மெதுவாக இன்னொரு முறை கேட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில், பாலிடெக்னிக் படித்த நாட்களில், வத்தலக்குண்டு சாலையில் அப்பாவின் தக்காளி வேனில் முன்சீட்டில் இருந்தேன். பாலத்தருகே ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒருவர்.

"அப்பா, கை ஆடுது."

"பாத்தேன்மா."

"நிப்பாட்டலையா?"

"நிப்பாட்டுனா நாமதான் இடிச்சோம்னு ஆயிரும். ஒங்க பெரியப்பா ஒருத்தர ஆஸ்பத்திரில சேத்துட்டு எத்தன வருசம் கோர்ட்டுக்கு நடந்தாரு?"

இடித்த ஓட்டுநர்தான் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று நம் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே, சேர்ப்பவர் இடித்தவர். எங்கள் சாலை அதை அப்படித்தான் படித்துக்கொண்டது. அதனால் வேன்காரர்களுக்குத் தனி முறை ஒன்று இருந்தது. அடுத்த டீக்கடையில் அப்பா இன்ஜினை அணைக்காமல் தலையை நீட்டினார். "அண்ணே, பாலத்துகிட்ட ஒருத்தர் கெடக்காரு. செத்த பாருங்க."

டீ மாஸ்டர் வடிகட்டியை வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தார். நாங்கள் மார்க்கெட்டுக்குப் போனோம். தக்காளி நல்ல விலைக்குப் போனது.

வகுப்பு முடிந்த மறுநாள் அப்பாவுக்கு போன் செய்தேன்.

"இங்க நிப்பாட்டலைன்னா கேஸுப்பா."

"நிப்பாட்டலைன்னாவா? நல்ல ஊருதான்."

"அன்னைக்கு அந்தப் பாலத்துகிட்ட கெடந்தவரு என்ன ஆனாரு?"

"தெரியாதும்மா."

"டீக்கடைல கேக்கலையா?"

"அந்தக் கடைல அதுக்கப்புறம் நான் டீ குடிக்கலத்தா. நிப்பாட்டுனா அவரு என்ன ஆனாருன்னு சொல்லிருவாங்கள்ல."

அந்தக் கடையில் டீ நன்றாக இருக்காது என்றுதான் இத்தனை வருடமும் எங்களிடம் சொல்லி வந்தார்.

உரிமம் கிடைத்துவிட்டது. என் காரில் சட்டப்படி இருக்க வேண்டிய எச்சரிக்கை முக்கோணம், மஞ்சள் சட்டை, முதலுதவிப் பெட்டி மூன்றும் உறை பிரிக்காமல் இருக்கின்றன. ஓரத்தில் ஏதாவது வண்டி சாய்ந்து நின்றால் கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. கண் மட்டும் சாலையில் முன்னால் பார்க்கிறது, டீக்கடை ஏதும் வருகிறதா என்று.